மூன்றாம் அலுவலர்

பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போன பிறகு, ஐம்பதை நெருங்கும் வயதில் அவள் சமூகவியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது, வீட்டில் அதிகம் துள்ளிக் குதித்தவர் அவள் கணவர்தான். அவர் நகராட்சியில் வார்டு அலுவலர். தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும், "எங்க வீட்டுக்காரம்மா ஆராய்ச்சி பண்றாங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். வார்டுக் கூட்டங்களுக்கு மக்கள் ஏன் வருவதில்லை என்பதுதான் அவள் தலைப்பு. மாதாமாதம் அந்தக் கூட்டத்தை நடத்துவது இவர் வேலை.

ஆய்வுக்கான வார்டுகளைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தார்கள். அதில் இவர் வார்டும் வந்து தொலைத்தது. அவள் பதறிப்போய் பேராசிரியையிடம் ஓடினாள். "சீட்டுல வந்ததை மாத்தக் கூடாது. அவர் உங்க கணவர்னு தீசிஸ்ல எழுதிடுங்க. அந்த வார்டுல பேட்டியை மட்டும் வேற யாராவது எடுக்கட்டும்" என்று அவர் முடித்துவிட்டார். உடன் படிக்கும் பெண் ஒருத்தி அங்கே வீடு வீடாகப் போனாள்.

அதிலிருந்து இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிடும்போதெல்லாம் தூண்டில் போடுவார்.

"எங்க வார்டுல என்ன சொல்றாங்களாம்?"

"சொல்லக் கூடாதுங்க."

"புருஷன்கிட்டகூடவா?"

"முக்கியமா புருஷன்கிட்டதான்."

கடைசியில் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அவள் முடிவுகளைச் சொல்லும் நாள் வந்தது. இவர் விடுப்புப் போட்டு, தேய்த்த சட்டையோடு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். மேடையில் அவள் நிதானமாகப் பேசினாள். வேலை நேரத்தில் கூட்டம் வைக்கிறார்கள், கேட்டது நடக்காவிட்டால் ஏன் நடக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை என்றாள். இவர் பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகத் தலையாட்டினார். அடுத்து அவள் அலுவலர்களைப் பற்றி, பெயர் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லிப் பேசினாள்.

"அலுவலர்கள்ல மூணாமவர் நல்ல மனுஷர், நேர்மையானவர். ஆனா கூட்டத்துல முக்கால்வாசி நேரம் அவரேதான் பேசறார். ஒரு கடைக்காரர் சொன்னார், 'மைக் சார் பேசறதைக் கேக்க நான் எதுக்குக் கடையை மூடணும்?'"

அரங்கமே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் இவர்தான்.

"இத்தனைக்கும் கூட்டம் முடிஞ்சதும் நாற்காலியெல்லாம் அவரே அடுக்கி வச்சிட்டுத்தான் போவாராம்" என்று அவள் தொடர்ந்தாள்.

இவர் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நகராட்சியில் நாற்காலி அடுக்கும் அலுவலர் வேறு யார் இருக்கிறார்?

திரும்பும்போது பேருந்தில் அவள் பக்கத்தில் இடம் இருந்தும் முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்ததும் நேராகச் சாப்பிட உட்கார்ந்தார். அவள் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நான் அவ்வளவா பேசறேன்?" என்றார் ஒருவழியாக.

"நீங்க பேசினா எனக்குப் பிடிக்கும். ஆனா அவங்க குப்பை, குழாய்னு எதையாவது மனசுல வச்சிக்கிட்டு வர்றாங்க. அதைச் சொல்ல இடம் வேணும்ல?"

"முன்னாடியே என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீங்க திருந்தியிருப்பீங்க. அப்புறம் நான் எதை எழுதறது?"

கோபப்படத்தான் நினைத்தார். ஆனால் உதடு அவர் பேச்சைக் கேட்காமல் சிரித்துவிட்டது.

அடுத்த கூட்டத்தை மாலையில் வைத்தார். கள ஆய்வு முடிந்துவிட்டதால் அவளும் போய்ப் பின்னால் உட்கார்ந்தாள். "நான் இன்னைக்குப் பேசப் போறதில்லை. நீங்க சொல்லுங்க" என்று மைக்கைக் கீழே வைத்தார். யாரும் நம்பவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

தையல்கடை அம்மா மெல்ல எழுந்தார். "சார், குப்பை வண்டி வர்ற நேரத்துல எங்க தெருவுல யாருமே வீட்ல இருக்கறதில்லை."

அந்த நேரத்தைப் பார்த்துப் பார்த்து வகுத்தவர் இவர். ஏன் அந்த நேரம் என்று மணிக்கணக்கில் விளக்க அவரிடம் காரணங்கள் இருந்தன. அத்தனையையும் விழுங்கிக்கொண்டு, "எப்ப வந்தா சரியா இருக்கும்மா?" என்று மட்டும் கேட்டார்.

அவ்வளவுதான். விடியற்காலை என்றார் ஒருவர். தூக்கம் கெடும் என்றார் இன்னொருவர். வண்டி மணி அடித்தால் குழந்தை எழுந்துவிடும், அடிக்காவிட்டால் நாங்கள் எழ மாட்டோம் என்று இரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். வாசலில் வேடிக்கை பார்த்தவர்கள்கூட உள்ளே வந்து கட்சி சேர்ந்தார்கள். கடைசியில் அவர்களே ஒரு நேரம் பேசி முடித்தார்கள். இவர் குறித்துக்கொண்டார்.

மறுவாரத்திலிருந்து வண்டி புது நேரத்துக்கு வந்தது. மணி விஷயம் மட்டும் இன்னும் தீரவில்லை, அடுத்த கூட்டத்துக்கும் போகும் போலிருந்தது.

"இப்ப தீசிஸ்ல என்னைப் பத்தி எழுதினதை மாத்திடுவே இல்ல?" என்று ஆசையாகக் கேட்டார்.

"நடந்ததை எப்படி மாத்தறது? வேணும்னா ஒரு அடிக்குறிப்பு போடறேன்."

"சரி, போடு. பெரிசாவே போடு."

அவள் கணினியைத் திறந்தாள். அவர் நாற்காலியை இழுத்து அவள் தோளருகே போட்டுக்கொண்டார்.