சோதனைத் தொட்டி

விடியும்போதே பட்டறையின் பசை நெடி தலையைக் கிறுகிறுக்க வைத்தது. தூசி ஒட்டிவிடுமென்று ஜன்னல்களை அடைத்துவைப்பது முதலாளியின் உத்தரவு. கடலுக்கடியில் மூழ்கி வேலை செய்பவர்கள் நனையாமலிருக்க அணியும் ரப்பர் உடை அங்கே தயாராகிறது. வேலை செய்பவர்களில் ஓர் அண்ணியும் அவள் நாத்தனாரும் உண்டு. தடித்த ரப்பர்த் துண்டுகளின் விளிம்பில் நாத்தனார் பசை பூசுவாள். காய்ந்ததும் மறுபடி பூசி, விளிம்போடு விளிம்பு வைத்து அழுத்துவாள். அண்ணி தைப்பாள். ஊசி பாதிக் கனம் மட்டும் இறங்கித் திரும்ப வேண்டும். மறுபக்கம் எட்டிப் பார்த்தால் அந்தத் துளை வழியே கடல் உள்ளே வரும்.

அன்று காலை முதலாளி ஓர் உடையை மேசைமேல் வீசினார்.

"இடுப்புல ஒழுகி, போட்டவன் வெறச்சுப்போய் ஆஸ்பத்திரில கெடக்கான். யாரு தச்சது?"

"நான்தாங்க" என்றாள் அண்ணி.

"நீயே போட்டுக்கிட்டு தொட்டில எறங்கு."

பின்கட்டில், உடைகளைச் சோதிக்கும் தொட்டியில் ஐஸ் கட்டிகள் மிதந்தன.

"காய்ச்சலா இருக்குங்க."

"நல்லதாப் போச்சு. சூடு எறங்கிரும்." முதலாளியோடு மேஸ்திரியும் சேர்ந்து சிரித்தார்.

கழுத்தளவு நீரில் நின்றவளுக்குப் பல் கிட்டியது. "உள்ள வருதுங்க…"

"எந்த எடத்துலன்னு சொல்லு. சொல்லாம ஏறினா வேலை கிடையாது."

அந்த உடையின் இடுப்புத் துண்டுகளுக்குப் பசை போட்டு ஒட்டியது நாத்தனார். முதல் பூச்சு காயுமுன்னே அடுத்ததைப் பூசச் சொல்லி மேஸ்திரி விரட்டியிருந்தார். வாய் திறந்தால் அடுத்து தொட்டியில் நிற்கப்போவது அவள்தான். நின்றாள், பார்த்தபடியே.

அண்ணியின் உதடு நீலம் பாரித்தது. முழங்கால் மடங்கியது. முகம் நீருக்குள் போனது.

"அண்ணி!" நாத்தனார் குதித்து அவளைத் தூக்கிப் பிடித்தாள். "தையல் இல்லங்க, ஒட்டு விட்டிருக்கு. ஒட்டினது நான். காய விடாம வெரட்டினது மேஸ்திரி!"

"அப்ப ரெண்டு பேரும் நில்லுங்க" என்றார் முதலாளி.

பட்டறைக்குள் ஒரு தையல் இயந்திரம் நின்றது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாமே. ரப்பர் வெட்டுபவர் வந்து கையை நீட்டினார். "ஏறுங்கம்மா."

"யாரைக் கேட்டுய்யா?" முதலாளி மறித்தார்.

"நான் வெட்டினேன், அவ ஒட்டினா, இவ தச்சா. எறக்கினா எல்லாரையும் எறக்குங்க. நீங்க முன்னால எறங்கி ஆழம் பாத்துச் சொல்லுங்க."

இருவரும் ஏறியதும் முதலாளியும் மேஸ்திரியும் எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார்கள். சாலையோரத்தில் அண்ணியின் ஈரத் தலையை ஒருத்தி துவட்டினாள். இன்னொருத்தி பாதத்தைத் தேய்த்தாள். வாசல் கம்பிக்கு அப்பாலிருந்து மேஸ்திரி கத்தினார்: "அந்த ரெண்டு பேரைத் தவிர மத்தவங்க வரலாம்!"

ஒருவரும் எழவில்லை.

"ஏன்டி அவ்வளவு நேரம் சும்மா நின்னே?" அண்ணியின் குரல் இன்னும் நடுங்கியது.

"பயமா இருந்துச்சு அண்ணி."

"இப்ப?"

"இப்பவும்தான்."

அண்ணி சற்று நகர்ந்து இடம் விட்டாள். "ஒட்டி உக்காரு. குளுருது."

வெட்டுபவர் சாலையைப் பார்த்தார். "சாயங்கால ஷிப்டு ஆளுங்க வருவாங்க. விஷயத்தை யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்" என்றாள் நாத்தனார்.