முதுகைப் பார்த்து நின்றவள்

ஊரில் எல்லோருக்கும் அவள் பூட்டு. கோல் கம்பங்களுக்கு நடுவில் அவள் நின்றால் பந்து உள்ளே போகாது என்று அக்கா வைத்த பெயர். வெளிநாட்டுக் கால்பந்து கிளப் ஒன்று அவளைச் சம்பளத்துக்கு ஆட அழைத்தபோது அந்தப் பெயரும் கூடவே வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. இங்கே சட்டையில் இருந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அதுவும் அவளுக்கு விளங்காத மொழியில்.

கிளப் கொடுத்த வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். கூடத் தங்கியவள் அதே அணியின் தடுப்பாட்டக்காரி. அவளும் வேறெங்கிருந்தோ பிழைக்க வந்தவள்தான். கதவு நிலையில் தலை குனிந்து நுழைகிற உயரம். பூட்டு அவளுக்கு மனசுக்குள் நெட்டச்சி என்று பெயர் வைத்துவிட்டாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலமும் கைஜாடையும்.

குறை சொல்ல ஒன்றுமில்லை. மைதானம் கம்பளம் விரித்த மாதிரி கிடந்தது. அழுக்குச் சட்டையைக் கூடையில் போட்டால் மறுநாள் துவைத்து மடித்து வந்துவிடும். காலைப் பிடித்துவிட ஓர் ஆள், சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். ஆனாலும் காலையில் பூட்ஸ் கட்ட உட்காரும்போது அக்கா நினைவு வந்துவிடும். வீட்டில் இருவருக்குமாகச் சேர்த்துத்தான் காலுறைகள். முதலில் எழுந்தவளுக்கு ஓட்டையில்லாத ஜோடி என்று பேச்சு. எப்போதும் அக்காதான் முதலில் எழுவாள். எழுந்து, ஓட்டை விழுந்ததைப் போட்டுக்கொண்டு போய்விடுவாள்.

அவர்கள் ஆடி வளர்ந்தது லாரி ஷெட்டுக்குப் பின்னால் இருந்த பொட்டலில். ஒரு பக்கக் கம்பத்துக்கு வலை கிடையாது. கோல் விழுந்தால் பழைய டயர் குவியலுக்குள் இறங்கிப் பந்தைத் தேட வேண்டும். அந்தச் சோம்பேறித்தனத்தில்தான் பூட்டு கோல் விடாமல் பழகினாள் என்பாள் அக்கா. கோல்கீப்பர் ஆட்டம் முழுக்கப் பார்ப்பது சொந்த அணிக்காரர்களின் முதுகைத்தான். பூட்டின் கண்ணெதிரே எப்போதும் அக்காவின் முதுகு. வியர்வையில் ஒட்டிய சட்டை, கொஞ்சம் தூக்கியே நிற்கும் இடது தோள். "ஏறு!" என்று கத்தினால் அது முன்னால் போகும். "விடு!" என்றால் பந்து மூக்குக்கு நேரே வந்தாலும் விலகிவிடும். திரும்பிப் பார்க்கிற வழக்கமே அக்காவுக்குக் கிடையாது.

ஆள் தேடி வந்த கிளப்காரர் இருவரோடும் உட்கார்ந்து பேசிவிட்டு, கடைசியில் தங்கையை மட்டும் கேட்டார். பெட்டி அடுக்கிக் கொடுத்தவள் அக்கா. "போய்த் தொலை. இனிமேலாவது என் காது பொழைக்கும்" என்றாள். தங்கை விமானம் ஏறிய பிறகு ஊர் அணி ஆளுக்கொரு திசையாகச் சிதறியது. அக்கா ஜவுளிக்கடை வேலைக்குப் போனாள். அவளுடைய பூட்ஸ் பரணில் ஏறியது.

இங்கே முதல் பந்தயத்திலேயே பூட்டு கவிழ்ந்தாள். "விடு" என்பதற்கு இந்த ஊர் வார்த்தையைப் பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்திருந்தார். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்திருந்தாள். ஆட்டத்தில் பந்து உயரமாக வந்து இறங்கியபோது அந்தப் பாழாய்ப்போன வார்த்தை பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. அது வெளியே வருவதற்குள் நெட்டச்சி எம்பிவிட்டாள். இருவரும் மோதி விழுந்தார்கள். நெட்டச்சியின் தலையில் பட்ட பந்து ஆற அமர உருண்டு சொந்த கோலுக்குள் போனது. அடுத்த பந்தயத்தில் பூட்டுக்கு இடம் பெஞ்சில்.

பந்தயத்தை இணையத்தில் பார்த்திருந்த அக்கா மறுநாள் மதியம் போன் செய்தாள்.

"என்னடி, மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்த? கேமரா உன்னைத்தான் காட்டுது."

"வாய் வரலக்கா."

"யாருக்கு, உனக்கா? நாலு தெரு தாண்டிக் கேக்குமே உன் சத்தம்!"

"வார்த்தை தெரியுது. அது வர்றதுக்குள்ள பந்து வந்துடுது." பிறகு, "நான் அங்கேயே வந்துடட்டுமாக்கா?" என்றாள்.

"வந்து? என்கூட நின்னு புடவை மடிக்கப்போறியா?" என்று வெடுக்கென்று கேட்டாள் அக்கா. உடனே குரல் இறங்கியது. "சாப்பிட்டியா?"

"ம்" என்று சொல்லிப் போனை வைத்தாள் பூட்டு.

அந்த வாரப் பயிற்சியில் மாற்று ஆட்டக்காரிகளின் பக்கம் பூட்டு நின்றாள். நெட்டச்சியையும் அந்தப் பக்கமே போட்டிருந்தார்கள். பந்து ஒன்று காற்றில் திரும்பி வந்தது. பூட்டு யோசிக்கவில்லை. "விடுடீ!" என்று கத்தினாள். மைதானமே திரும்பிப் பார்த்தது. நெட்டச்சி சுட்டுக்கொண்டவள் மாதிரி விலகினாள். பந்து வந்து பூட்டின் கைக்குள் அடங்கியது.

வீட்டுக்கு வந்ததும் நெட்டச்சி பிடித்துக்கொண்டாள்.

"என்ன அது? என்னைத் திட்டினியா?"

"இல்ல, அது எங்க பாஷை. விட்டுடுன்னு அர்த்தம்."

"இனிமே அதையே கத்து. இந்த ஊர் வார்த்தையை நீ லீவு கேக்கிற மாதிரி சொல்ற. எனக்கு எப்படி உரைக்கும்?"

நெட்டச்சியே போய்ப் பயிற்சியாளரிடமும் சொன்னாள். அந்த அம்மாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. எந்த மொழியில் கத்தினாலும் சரி, பந்து உள்ளே போகக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு, தடுப்பாட்டக்காரிகளை வரிசையாக நிற்கவைத்தார். பூட்டு தமிழ் வாத்தியார் ஆனாள். "விடு" ஒருத்தி வாயில் "பிது" ஆயிற்று. "ஏறு" என்று சொல்லப்போய் ஒருத்திக்கு நாக்கே சுளுக்கிக்கொண்டது. "நீங்க சொல்ல வேண்டாம், நான் சொன்னா கேட்டா போதும்" என்று கும்பிட்டாள் பூட்டு. அன்றைக்குத்தான் இந்த நாட்டுக்கு வந்து முதல்முறையாக வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அடுத்த பந்தயத்துக்கு அவளை இறக்கினார்கள். கூட்டத்தின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு அவள் குரல் போனது. ஏறச் சொன்னால் ஏறினார்கள், நிற்கச் சொன்னால் நின்றார்கள். ஒரு தடவை "விடு!" என்றதும் எதிரே இருந்த முதுகு சட்டென்று விலக, பந்து நெஞ்சில் வந்து பதிந்தது. அணைத்தபடி தரையில் விழுந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். சட்டை வேறு, உயரம் வேறு, தோள் இரண்டும் சமமாக இருந்தன. பந்தைப் பிடித்த சந்தோஷத்துக்குள்ளேயே ஒரு சின்ன ஏமாற்றம். யாருடைய முதுகை எதிர்பார்த்துத் தலையைத் தூக்கினாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. அந்த அணிக்கு அதுவே பெரிய விஷயம். பூட்டின் இடமும் உறுதியானது.

மறுநாள் அக்கா வீடியோவில் வந்தாள். சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள்.

"கடையில போனை ஒளிச்சு வெச்சுப் பாத்தேன்டி. நீ விடுன்னு கத்தினதும் நான் நகந்துட்டேன். புடவை பாக்க வந்த அம்மா முறைக்கிறாங்க!"

சிரிப்பு அடங்கியதும் அக்காவின் முகம் மாறியது. "உன் முன்னாடி நிக்கிறாளே ஒரு நெட்டை, நல்லா ஆடுறா. ஆனா வலது கால்லயே பாரத்தைப் போட்டு நிக்கிறா. எவளாவது பந்தோட அந்தப் பக்கமே வெட்டினா விழுந்துடுவா. அவளைக் கூப்பிடு."

"உன் பேச்சு அவளுக்கு எப்படிக்கா புரியும்?"

"கூப்பிடுன்னா கூப்பிடேன்."

நெட்டச்சி ஈரத் தலையோடு வந்து நின்றாள். அக்கா தன் போனை அடுப்பு மேடையில் எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டுப் பின்னால் போனாள். புடவையை இழுத்துச் செருகி, முழங்காலை மடக்கி, இடது தோளைத் தூக்கி நின்றாள். பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிக் காட்டினாள். நெட்டச்சி நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு அதே மாதிரி குனிந்தாள். அக்கா திரும்பி நின்று மறுபடி காட்டினாள். நெட்டச்சியும் திரும்பினாள். போனைப் பிடித்திருந்த பூட்டுக்கு முன்னால் இப்போது இரண்டு முதுகுகள். கண்ணீர் அவளுக்குக் கண்ணை மறைத்தது.

"அழுதது போதும், போனை ஆட்டாம பிடிடி" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமலே.