நீல மை வைத்த ஆடுகள்

கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. சிவனம்மாள் எழுபத்திரண்டாவது ஆட்டின் வாய்க்குள் விரலை விட்டாள்.

கருப்பணன் அந்தச் செம்மறியைத் தன் முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்திருந்தான். பல் இல்லாத இடுக்கில் விரல் நுழைந்ததும் ஆடு வாயைத் திறந்தது. மருந்துத் துப்பாக்கியின் குழாயை அதில் செருகி, நாக்குக்கு மேலே நகர்த்தி, விசையை அழுத்தினாள். குடல் பூச்சி மருந்து உள்ளே இறங்கியது. கருப்பணன் ஆட்டின் பிடரியில் ஒரு பொட்டு நீல மை வைத்துத் தள்ளிவிட்டான்.

"அடுத்ததக் கொண்டாடா."

"செத்த நேரம் பொறுக்கா. காலு மரத்துப் போச்சு."

நீலம் சிவனம்மாளின் நிறம். அன்புக்கரசிக்குப் பச்சை, செபஸ்தியானுக்குக் கறுப்பு. எந்த ஆட்டுக்கு யார் மருந்து கொடுத்தது என்பதற்கு அந்தப் பொட்டுதான் அடையாளம்.

சின்னாளப்பட்டிக்கு மேற்கே, பெருமாள்சாமியின் பண்ணையில் நாலாயிரம் ஆடுகள். அடைமழைக்கு முன்னால் அத்தனைக்கும் மருந்து இறங்கியாக வேண்டும். போன வருஷம் வரைக்கும் ஒரு துப்பாக்கிக்கு நாளொன்றுக்கு நூற்றைம்பது ஆடு. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் அது முந்நூறாகியிருந்தது. ஆள் பாதியாகியிருந்தது.

துப்பாக்கிகள் மட்டும் மாறவில்லை. வாங்கிய புதிதில் குழாயின் முனையில் மிளகளவு வழுவழுப்பான உருண்டை இருந்தது. தொண்டையைக் கிழிக்காமல் காப்பது அதுதான். மூன்றிலும் அது உடைந்துபோக, புதுக் குழாய் கேட்டார்கள். பெருமாள்சாமி நாகல் நகரில் ஒரு லேத்துப் பட்டறையில் பித்தளைக் குழாயை நறுக்கிக்கொண்டு வந்து மாட்டினார். நறுக்கிய வாய் பிளேடு மாதிரி. அரம் போட்டுத் தேய்த்தால் இன்னும் மெலிந்து கூரானது. போதாததற்கு உள்ளேயிருந்த வாஷர் ஊறிப் பருத்துவிட்டது. விசை சிக்கும், சிக்கும், திடீரென்று உதைக்கும். உதைக்கும்போது குழாய் எங்கே போய்க் குத்தும் என்பது யாருக்கும் தெரியாது.

ஏழு மணிக்குப் பெருமாள்சாமியின் சுமோ வந்து நின்றது. பட்டிக்கு வெளியே மூன்று ஆடுகள் கழுத்து வீங்கிச் செத்துக் கிடந்தன. மூன்றின் பிடரியிலும் நீலம்.

"பச்சை சாகல. கறுப்பு சாகல. நீலம் மட்டும் எப்படிடி சாகுது?"

"அய்யா, குழாய் முனை..."

"குழாய் மூணும் ஒரே குழாய்தான? பூச்சி மருந்து குடுக்கச் சொன்னா குரவளைய அறுத்துட்டு வந்து நிக்கிற. கைல நிதானம் இல்லாதவளுக்கு இங்க என்ன வேலை? சாயங்காலத்துக்குள்ள லைன் வீட்டக் காலி பண்ணிரு."

சிவனம்மாளுக்கு அந்த ஒற்றை அறையை விட்டால் வேறு கூரை கிடையாது. புருஷன் செத்து ஆறு வருஷம். அவள் அழவில்லை. செத்த ஆடுகளின் தோலை எடுத்துப் போக வந்திருந்த அப்துல் ஹக்கீமைப் பார்த்தாள்.

"பாய், உரிக்கிறதுக்கு முந்தி அந்தத் தொண்டையத் தொறந்து பாருங்க. நோவுல செத்துச்சா, என் கையால செத்துச்சான்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

"இவ பெரிய டாக்டரு!" பெருமாள்சாமி சிரித்தார். "பாய், நீ தோலை உரிச்சுட்டுக் கெளம்பு."

ஹக்கீம் கத்தியைத் தொடையில் துடைத்தார். "எப்படியும் கத்தி போடத்தான போறேன் முதலாளி. நாலு விரக்கடை மேல போட்டா என்ன கொறஞ்சிரும்?"

போட்டார். சீழும் வெள்ளை மருந்தும் கலந்து வழிந்தன. நாற்றத்தில் கூட்டம் ஓரடி பின்வாங்கியது. தொண்டையின் பின்சுவரில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. அதற்குள் கறுப்பாக ஏதோ தெரிந்தது. ஹக்கீம் கத்தி நுனியால் நெம்பி எடுத்தார்.

சைக்கிள் டியூப் துண்டு.

சிவனம்மாள் பார்த்ததும் அடையாளம் கண்டாள். திங்கட்கிழமை அவளே வெட்டிய துண்டு. குழாய் கிழிக்கிறதே என்று முனையில் சுற்றிக் கட்டியிருந்தாள். மறுநாள் அது காணாமல் போனபோது வைக்கோலில் விழுந்திருக்கும் என்று நினைத்து வேறொன்று சுற்றினாள்.

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது.

"நான் சுத்துனதுதேன்," என்றாள். "வெறுங் குழாயில ஒவ்வொரு ஆட்டு வாயிலயும் ரத்தம் வந்துச்சு. மனசு கேக்கல. சுத்துனேன்."

பெருமாள்சாமியின் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டுக்கங்க எல்லாரும்! என் துப்பாக்கியில ரப்பர மாட்டி என் ஆட்டக் கொன்னுருக்கா. போலீசுல குடுக்காம விட்டேன்னு கும்பிட்டுட்டுப் போ."

பதினான்கு பேர் நின்றார்கள். பதினான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அப்போது அன்புக்கரசி நடந்தாள். நேராக மருந்து வாளிக்குப் போனாள். தன் துப்பாக்கியை எடுத்து, முனையில் நகத்தைக் கொடுத்து இழுத்தாள். கரண்டுக்காரர்கள் ஒட்டும் கறுப்பு டேப், சுருள் சுருளாகப் பிரிந்து வந்தது.

"நானுந்தேன் சுத்திருக்கேன். எனக்கும் காலி பண்ணச் சொல்லுங்க."

"ஏய்..."

"என்னைய விட்டுட்டீகளே முதலாளி!" செபஸ்தியான் தன் குழாயிலிருந்து வேட்டிக் கிழிசலை உருவி உதறினார். அதில் பழுப்பாய் ரத்தக்கறை. "மருந்துல ஊறி ஊறித் துணி நாறுது. கறுப்பு இன்னும் சாகல, அம்புட்டுத்தேன்."

மூன்று துப்பாக்கிகளையும் பெருமாள்சாமியின் செருப்புக்கு முன்னால் வரிசையாக வைத்தார்கள். வெறும் பித்தளை முனைகள் வெயிலில் மின்னின.

"இது எவன் வாய்க்குள்ளயும் போகக்கூடிய சாமானா, நீங்களே சொல்லுங்க," என்றான் கருப்பணன். "வேணும்னா உங்க வாயில ஒருக்கா வச்சுப் பாருங்க. ஆட்ட மாதிரி நான் புடிச்சுக்கிறேன்."

யாரோ சிரித்துவிட்டார்கள். பெருமாள்சாமி சிரிக்கவில்லை.

"புது துப்பாக்கி வரணும். அக்கா அவுக லைன் வீட்டுலயே இருக்கணும். அதுவரைக்கும் ஒரு ஆட்டுக்கும் மருந்து கெடையாது," என்றாள் அன்புக்கரசி.

அவர் செல்போனை எடுத்தார். எல்லோர் காதிலும் விழும்படி பேசினார். "நெய்க்காரப்பட்டியா? ஆடு தெரிஞ்ச ஆளா இருபது பேர் வேணும். நாளைக்கு விடியறப்ப வண்டி ஏத்திவிடுங்க." போனை மடக்கினார். "பதினாலு பேருக்கும் சேத்துத்தான் சொல்றேன். சாயங்காலம் நான் வரும்போது எவன் சட்டியும் இங்க இருக்கக் கூடாது."

சுமோ புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. இன்னும் ஆயிரத்தெண்ணூறு ஆடுகளின் பிடரியில் மை இல்லை. நாளைக்கு வேற்று ஆள் வந்து அந்தக் குழாயைத் தூக்கினால் கதை முடிந்தது. எல்லோருக்கும் அது புரிந்திருந்தது.

"அவுகளும் நம்மள மாதிரி ஆட்டுக்காரங்கதான?" என்றாள் சிவனம்மாள் மெதுவாக. "போய்ச் சொல்லணும்."

"சொன்னா நம்புவாங்களா?"

ஹக்கீம் அந்தத் தொண்டையை ஓட்டையோடு அறுத்தெடுத்தார். தோலுக்குப் போடக் கொண்டுவந்த கல்லுப்பை அள்ளி அதன்மேல் அப்பினார். அந்த டியூப் துண்டையும் கூடவே வைத்துச் சாக்கில் சுருட்டினார்.

"நாளைக்கு வரைக்கும் கெடாது. ஆட்டுக்காரனுக்குத் தொண்டையக் காட்டுனாப் போதும், பேச வேண்டியதில்ல." டிவிஎஸ் வண்டியை உதைத்தார். "ஏறு தங்கச்சி. பஸ் ஸ்டாண்டுல விடுறேன். இந்தப் பண்ணைத் தோலு இனிமே எனக்கு இல்ல, தெரியும். அத அப்புறம் பாத்துக்கலாம்."

"போயிட்டு வாங்கக்கா," என்றாள் அன்புக்கரசி. "உங்க வீட்டு வாசல்ல நாங்க உக்காந்திருக்கோம். சட்டியத் தூக்கணும்னா எங்களத் தாண்டித்தான் போகணும்."

பழனி பஸ்ஸில் சிவனம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உப்புத் தண்ணீர் கசிந்து மடியை நனைத்தது. ஒட்டன்சத்திரம் தாண்டும்போது கண்டக்டர் மூக்கைச் சுளித்தார்.

"ஏனுங்க, என்னங்க அது மடியில?"

"ஆட்டுத் தொண்டை."

"யாருக்குங்க?"

"நெய்க்காரப்பட்டி ஆளுகளுக்கு," என்றாள். "அங்க போறதுக்கு எந்த பஸ்ஸுன்னு சொல்லுங்கய்யா. எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது."