ஒரு சட்டைக்கு ஐம்பத்திரண்டு விநாடி

எங்கள் பிரிவில் பதினோரு பேர். சட்டைக்குப் பொத்தான் போட்டு, அட்டை வைத்து மடித்து, கிளிப் மாட்டி, கவரில் நுழைப்பது வேலை. வேகத்தில் நான் ஆறாவது. எனக்கு மேலே ஐந்து பேர், கீழே ஐந்து பேர். இரண்டு வருடமாக என் மதிப்பீட்டுத் தாளில் ‘சராசரி’ என்ற ஒரே சொல்தான். மூன்றாம் முறையும் அதுவே வந்தால், தைத்த சட்டையில் குறை பார்க்கும் செக்கிங் மேசைக்கு மாறும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

திங்கட்கிழமை எங்கள் சூப்பர்வைசர் மேடம் வந்து சொன்னார். “நாளைக்கு ஒரு சார் ஸ்டாப்வாட்சோட வர்றார். ஒரு சட்டைக்கு எவ்வளவு நேரம்னு பார்த்து எல்லாருக்கும் டார்கெட் வைக்கப் போறாங்க. ரொம்ப வேகமும் வேண்டாம், ரொம்ப மெதுவும் வேண்டாம், நடுவுல ஒரு ஆள் வேணுமாம்.”

பத்துத் தலைகள் என் பக்கம் திரும்பின. இவ்வளவு கவனிப்பு எனக்கு இதற்குமுன் கிடைத்ததே இல்லை.

வேகத்தில் முதலாவதான அக்காவை எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவள் என்னிடம் வந்து, “தாயே, நாளைக்கு நீ எடுத்துக்கிற நேரம்தான் எங்க எல்லார் தலையெழுத்தும். ரோஷம் வந்து பறந்துடாத” என்றாள்.

எனக்கு ஏற்கெனவே ரோஷம் வந்திருந்தது. அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் ஆறு சட்டைகளையும் மடித்துப் பழகினேன். வழக்கமாக எனக்கு ஐம்பத்திரண்டு விநாடி ஆகும். அன்று நாற்பத்தொன்று. நோட்டில் குறித்துக்கொண்டேன். சந்தேகமாக இருந்ததால் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி மடித்தேன். அப்போதும் அதே. அப்பா எட்டிப் பார்த்தார்.

“எல்லாத்தையும் கவர்ல போட்டுட்டியா? நாளைக்கு நான் பனியனோடவா ஆபீஸ் போறது?”

மறுநாள் ஸ்டாப்வாட்ச் சார் என் பின்னால் வந்து நின்றார். பத்துச் சட்டை மடிக்க வேண்டும். முதல் மூன்றும் நாற்பத்தொன்றில் முடிந்தன. மேடத்தின் புருவம் உயர்ந்தது. பக்கத்து மேசைகளில் கவர் சரசரக்கும் சத்தமே நின்றுபோனது. என் விரல் நுனிகள் எரிந்தன. எக்ஸ்பிரஸ் அக்காவே நாற்பத்துநான்குதான். பத்துச் சட்டைக்குத் தாங்கும் விரல்கள் ஒரு நாளைக்கு ஐந்நூறு சட்டைக்குத் தாங்குமா? மற்றவர்களின் விரல்கள்?

நான்காவது சட்டையைக் கீழே வைத்தேன். “சார், இந்த மூணும் என் வேகம் இல்ல. உங்களுக்குக் காட்டறதுக்காகச் செஞ்சது. முதல்லேருந்து எடுக்கலாமா?”

அவர் கடிகாரத்தை நிறுத்தினார். “பதினாறு வருஷமா எனக்கு இதே வேலை. வேணும்னே மெதுவா செஞ்சு ஏமாத்தினவங்க எத்தனையோ பேர். வேகமா செஞ்சுட்டேன்னு ஒத்துக்கிட்டது நீதாம்மா முதல் ஆள்.”

மறுபடி தொடங்கினோம். 52, 51, 52, 53, 52. பத்தாவது முடிந்ததும் அவர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். “எல்லாம் ஒரே மாதிரி வருதே, இது ஓடுதான்னு பார்த்தேன்.”

மேடம் எண்ணைச் சத்தமாகப் படித்தார். யாரோ மேசையைத் தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுத் தாள் வந்தது. மேடம் தயங்கினார். “இந்தத் தடவையும் சராசரின்னுதான் போடணும். நீ செய்யறதுதான் இப்ப டார்கெட்டே. அதைத் தாண்டினாத்தான் ‘நன்று’. கோவிச்சுக்காதம்மா.”

செக்கிங் மேசை போயிற்று என்று புரிந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. “போடுங்க மேடம்” என்றேன்.

“நல்லா கொட்டை எழுத்துல போடுங்க” என்றாள் எக்ஸ்பிரஸ் அக்கா. “நாங்க பொழைச்சதே அதனாலதான்.”

பிரிவே சிரித்தது. சிரித்துக்கொண்டே தாளின் அடியில் போட்டதில் என் கையெழுத்து கட்டத்தைத் தாண்டிக் கோணலாக விழுந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.