கண்ணுப் போர்வை

காலை எட்டரைக்கெல்லாம் பொன்னுத்தங்கத்தின் கைகள் முழங்கை வரை வெள்ளி பூசியதுபோல் ஆகிவிட்டன. புஸ்வாணக் கூம்பைத் தலைகீழாகப் பிடித்து, மருந்தை அள்ளிப் போட்டு, கட்டையால் மெல்ல அமுக்கி, மண் வைத்து அடைக்க வேண்டும். ஓங்கித் தட்டக் கூடாது. சீசன் நேரம். நாலு பேருக்கென்று கட்டிய அறையில் ஒன்பது பெண்கள் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏத்தா, கொஞ்சம் தள்ளித்தான் உக்காரேன். உன் முழங்கை என் விலாவத் தொளைக்குது" என்றாள் வெள்ளைத்தாய்.

"இன்னும் தள்ளுனா வாசப்படிக்கு வெளியதான் மதினி விழணும்" என்றாள் பொன்னுத்தங்கம்.

"விழு. காத்தாச்சும் உள்ள வரும்."

சிரிப்பு அடங்குமுன் போர்மேன் செந்தூர்பாண்டி வாசலில் வந்து நின்றார். எப்போதும் நிதானமாக வருகிற மனுஷர். இன்று சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"செக்கிங்குக்கு வாராக. பதினோரு மணிக்குள்ள வந்துருவாக. நாலு பேரு இங்கன இருங்க. மிச்ச அஞ்சு பேரும் ஓடைக்கு அங்கிட்டுப் போயி வேப்பமரத்தடியில இருங்க. நான் சொல்லாம ஒருத்தரும் வரக்கூடாது."

சொல்லிக்கொண்டே வாசலோரச் சுவரைப் பார்த்தார். 'தீயணைப்புப் போர்வை' என்று சிவப்பு எழுத்து. அதன் கீழே ஓர் ஆணி. எழுதிய நாளிலிருந்து ஆணி சும்மாதான் இருந்தது.

"பொன்னு, உங்க வீட்டு வேலியில ஒரு பேய்ப் போர்வை காயுமே, கறுப்பா, கெட்டியா? அத எடுத்துட்டு வாத்தா. சாயங்காலம் தந்துருதேன்."

பொன்னுத்தங்கம் கையிலிருந்த கூம்பைக் கீழே வைத்தாள். வேறு யார் கேட்டிருந்தாலும் முடியாது என்றிருப்பாள். கேட்டது செந்தூர்பாண்டி.

இரண்டு வருஷத்துக்கு முன் இதே கம்பெனியில் மருந்து கலக்கும் அறை தீப்பிடித்துக்கொண்டபோது அவள் புருஷன் கருப்பணன் உள்ளே இருந்தான். முதுகில் தீயோடு ஓடிவந்தவனை அமுக்க ஒரு துணி அகப்படவில்லை. யாரோ கைக்குக் கிடைத்த நைலான் சாக்கைப் போட்டு மூடினார்கள். சாக்கு உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. யாருக்கும் காத்திராமல் லோடு வண்டியில் ஏற்றி, தலையைத் தன் மடியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் செந்தூர்பாண்டி. மொதலாளியிடம் மன்றாடி அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். 'இந்த உசுரு அவரு கொடுத்தது' என்று கருப்பணன் இன்றைக்கும் சொல்வான்.

கையைக் கழுவிக்கொண்டு தன் ஊரான எம். புதுப்பட்டியைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அந்தப் போர்வை வந்தது தனிக் கதை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கருப்பணனால் குப்புறத்தான் படுக்க முடிந்தது. முதுகை மூடாவிட்டால் காற்று பட்டே காந்தியது. மெல்லிய வேட்டி புண்ணோடு ஒட்டியது. நைலான் கலந்த துணி பட்டால் தீ திரும்ப வந்ததுபோல் துள்ளி எழுந்தான். கெட்டியான சுத்தப் பருத்தி தேடி விருதுநகர் பஜாரில் ஏழு கடை ஏறி இறங்கினாள் பொன்னுத்தங்கம். கடைக்குக் கடை ஓரத்து நூலை உருவித் தீக்குச்சியால் கொளுத்திப் பார்த்தாள். உருகி உருண்டால் நைலான். தூளாக உதிர்ந்தால் பருத்தி. ஏழும் உருண்டன.

எட்டாவது, ஏற்றுமதியில் கழித்த துணிகளை விற்கும் மெகருன்னிசாவின் கடை. "ஏம்மா, துணி எடுக்க வந்தியா, கடையக் கொளுத்த வந்தியா?" என்று சத்தம் போட்ட மெகருன்னிசா, விஷயத்தைக் கேட்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். பரணிலிருந்து ஒன்றை இறக்கினாள்.

"இது சுத்தக் காட்டன் தங்கச்சி, கொளுத்தியே பாரு. ஆனா படத்தப் பாத்துப் பயப்படக் கூடாது. எவனோ வெளிநாட்டுக்காரன் மாந்திரீகப் படமாப் போட்டு, கரூர்ல ஆர்டர் கொடுத்து நெய்ய வச்சிருக்கான். மத்ததெல்லாம் கப்பல் ஏறிருச்சு. ஓரம் கோணிப்போச்சுன்னு இந்த ஒண்ணு மட்டும் எங்கிட்ட வந்து மாட்டிக்கிச்சு. எங்க வீட்டுக்காரரு, இது இருந்தா நான் கடைக்கே வரமாட்டேங்காரு."

"வராட்டி நல்லதுதானக்கா, நிம்மதியா யாவாரம் பாப்பீக."

மெகருன்னிசா வாய்விட்டுச் சிரித்தாள்.

கறுப்பில் சாம்பல் நூல் ஓடிய போர்வை. நடுவில் விரித்த உள்ளங்கை. அதற்குள் இமையோடு பெரிய கண். மேலே மனுஷ முகம் வைத்த சூரியன், பக்கத்தில் பிறை. இரண்டு ஓரத்திலும் மண்டையோடு, அதன் உச்சியில் எரிகிற மெழுகுவத்தி. கால்மாட்டில் கொம்பு முறுக்கிய கெடாத்தலை. பொன்னுத்தங்கம் நூலைக் கொளுத்தினாள். தூளாக உதிர்ந்தது.

"வெலையச் சொல்லுங்கக்கா."

"வெலையா? ஒன் வீட்டுக்காரரு ஒரு நாளு அசந்து தூங்கட்டும். எனக்கு அது போதும். கொண்டு போ."

அன்றைக்கு விடியும் வரை தூங்கினான் கருப்பணன். எழுந்ததும், "கால்மாட்டுல கெடா நிக்குதுல்ல, கனவு பூராவும் கறிச்சோறுதான் போ" என்றான். ஊர்தான் செய்வினைப் போர்வை என்று பேர் வைத்து, வேலியைச் சுற்றிப் போனது. பொன்னுத்தங்கத்துக்கு விருதுநகர் பஸ்ஸைப் பார்த்தால்கூட மெகருன்னிசாவின் முகம் ஞாபகம் வந்து மனசு குளிரும்.

அந்தப் போர்வையைத்தான் இப்போது அவன் முதுகிலிருந்து உருவினாள்.

"அவரு கேட்டு இல்லேங்க முடியுமா? கொண்டு போ" என்றான் கருப்பணன். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். "சாயங்காலம் வந்துருமுல்ல?"

"தாரேன்னு சொல்லிருக்காரு."

"அப்பச் சரி. அது வர்ற வரைக்கும் உக்காந்தே இருந்துக்கிருதேன்."

ஆணியில் தொங்கவிட்டதும் கண் அறையைப் பார்த்து விழித்தது. வெள்ளைத்தாய் வேப்பமரத்தடிக்குக் கிளம்பியவள் நின்றாள். ஊரில் இந்தப் போர்வையை அதிகம் பழித்தவள் அவள்தான்.

"பொல்லாத கண்ணுதான். ஆனா நம்மளையும் ஒண்ணு பாத்துக்கிட்டு இருக்குன்னா நல்லாத்தான் இருக்குடீ" என்றாள். சுருக்குப்பையிலிருந்து குங்குமம் எடுத்து, விரலை எச்சில் தொட்டு, கண்ணுக்குக் கீழே ஒரு பொட்டு வைத்தாள். "தாயே, வேல முடியிற வரைக்கும் கண்ண மூடிறாத."

செக்கிங்குக்கு வந்த அதிகாரி போர்வையை விரலால் நிமிண்டிப் பார்த்தார். "என்னய்யா டிசைன் இது?"

"எக்ஸ்போர்ட் குவாலிட்டி சார்" என்றார் செந்தூர்பாண்டி.

தாளில் ஒரு டிக் விழுந்தது. அவர் எலுமிச்சை ஜூஸ் குடிக்க ஆபீஸ் பக்கம் போனதும், செந்தூர்பாண்டி போர்வையை உருவிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"வீட்டுக்குக் கொண்டு போகட்டுமாண்ணே? அவுக உக்காந்தே இருப்பாக."

"இருத்தா, சாயங்காலம்னு சொன்னேன்ல" என்றபடி வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார்.

சாயங்காலம் ஐந்தரை வரை பொன்னுத்தங்கத்தின் கண் வாசலிலேயே இருந்தது. செந்தூர்பாண்டி சொன்ன சொல் தவறவில்லை. மஞ்சள் பையில் மடித்த போர்வையும், மேலே ஒரு சேவுப் பொட்டலமும் இருந்தன. "கருப்பணனுக்குக் கொடு. இன்னைக்கு என் மானத்தக் காப்பாத்துனது நீதான்த்தா."

"நீங்க நல்லா இருக்கணும்ணே" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியே விட்டது.

கம்பெனி வேன் வந்தது. மொதலாளிக்கு நாலு யூனிட். இவர்கள் வேலை பார்க்கும் பெரிய கம்பெனியில் கிளம்பி ஒவ்வொன்றாக ஆள் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகும். பொன்னுத்தங்கம் பையை மடியில் வைத்து, வெள்ளைத்தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓடைக் கம்பெனியில் கீர்த்திகா ஏறினாள். ஆறு மாசக் கர்ப்பிணி. இடம் கிடைக்கும் முன்னாலேயே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, எங்க ரூமுக்குக் கம்பெனியில போர்வை கொடுத்துட்டாக! நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்ல? மதியம் கொண்டாந்து மாட்டுனாக. நடுவுல கையி, கையில கண்ணு. மண்டையோடு வேற, பாக்கப் பயம்மாத்தான் இருக்கு. இருக்கட்டும், எனக்கும் பிள்ளைக்கும் இனிமே பயமில்ல. குங்குமமெல்லாம் வச்சு விட்டேன்."

கம்மாய்க்கரைக் கம்பெனியில் ஏறிய வள்ளித்தாய் படியிலேயே நின்றாள். "என்னது, உங்களுக்குமா? எங்களுக்கும் அதே கண்ணுதான்டீ, நானும் பொட்டு வச்சிட்டுத்தான் வாரேன்! எல்லா யூனிட்டுக்கும் ஒரே டிசைனா எடுத்துட்டாக போல. மொதலாளி மகராசனா இருக்கணும்."

புதுக் கம்பெனிப் பெண்களும் அதையே சொல்லிக்கொண்டு ஏறினார்கள். வேனே கலகலத்தது.

"இப்ப எங்க தொங்குது அது?" என்றாள் வெள்ளைத்தாய்.

"மழ வந்தா நனைஞ்சுரும்னு போர்மேன் எடுத்து உள்ள பூட்டி வச்சிட்டாரு. நாளைக்கு மாட்டிருவாரு" என்றாள் கீர்த்திகா.

வெள்ளைத்தாயின் பார்வை பொன்னுத்தங்கத்தின் மடிக்கு இறங்கியது. பையின் வாயில் கறுப்புத் துணி எட்டிப் பார்த்தது. வெள்ளைத்தாய் வாயைத் திறந்தாள். பொன்னுத்தங்கம் அவள் தொடையில் கையை வைத்து அழுத்தினாள். முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் செந்தூர்பாண்டி தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார்.

விளக்கேற்றும் நேரத்துக்கு வீடு வந்தாள். கருப்பணன் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே துண்டால் ஈயை ஓட்டிக்கொண்டிருந்தான். பையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "சொன்னேன்ல, தங்கமான மனுசன்னு" என்று சேவுப் பொட்டலத்தை மோந்து பார்த்தான்.

போர்வையை உதறி விரித்தாள். கண்ணைச் சுற்றி நாலு குங்குமப் பொட்டு இருந்தது.

"யாரு வச்சது இம்புட்டு?"

"கீழ இருக்கது வெள்ளைத்தாய் மதினி. இது ஓடைக் கம்பெனிக் கீர்த்திகா. இது கம்மாய்க்கரை. இது புதுக் கம்பெனி."

கருப்பணன் ஒவ்வொரு பொட்டாக விரலால் தொட்டுப் பார்த்தான். கடைசிப் பொட்டு இன்னும் காயாமல் விரலில் ஒட்டியது. பொட்டலத்தைப் பிரிக்காமல் கீழே வைத்தான்.

"நாளைக்கு இத எடுத்துட்டுப் போயிரு. ஆணியில மாட்டு. நான் உக்காந்தே உறங்கிப் பழகிக்கிருதேன்."

"எந்த ஆணியில?" என்றாள் பொன்னுத்தங்கம்.

அவன் குப்புறப் படுத்தான். அவள் போர்வையை நோகாமல் இழுத்து மூடினாள். நைலான் சாக்கு தோலை உரித்தெடுத்த இடத்தின் மேலே, நாலு அறைப் பொட்டோடும் அந்தக் கண் ஓட்டுக் கூரையைப் பார்த்து விழித்திருந்தது. அவன் மூச்சு விடும்போதெல்லாம் அது மெல்ல ஏறி இறங்கியது.