கூலிங் யூனிட் மாற்றிய வாரம்

எனக்கு முதலில் தெரிந்தது வாசனைதான். ஜனவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காபிக்குப் பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். பூனை மூத்திரம் போல ஒரு நெடி, மெல்லியதாக, மூக்குக்குள் ஊசி குத்தினாற்போல் ஏறியது. எங்களிடம் பூனை கிடையாது. வெண்ணெயைத் தொட்டேன், விரல் உள்ளே போயிற்று.

வெண்டலைக் கூப்பிட்டுச் சொன்னேன். என் கணவனுக்கு மூன்று வருடமாக மோப்பம் கிடையாது. ஒரு காய்ச்சலில் போனது, திரும்பவே இல்லை. ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, நான் போன வாரம் வாங்கின வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டான்.

"உன் மூக்கை எல்லையில கஸ்டம்ஸ்காரங்களுக்கு வாடகைக்கு விடலாம், நோரீன். நல்லா ஓடும்."

அவன் கேலி செய்ததற்குக் காரணம் இருந்தது. முந்தின குளிர்காலம் எங்கள் வீட்டுவண்டியை, சமையலறையும் படுக்கையுமாக நாங்கள் ஓட்டிக்கொண்டு திரிகிற வீட்டை, யூமா ஊர்ப் பக்கம் நிறுத்தியிருந்தபோது, நாலு இடம் தள்ளி நின்ற இன்னொரு வண்டி எரிந்தது. காலைச் சாப்பாட்டு நேரம். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தொடங்கியது என்றார்கள். அந்தப் புருஷன் பெண்சாதி இருவரும் கையில் ஒன்றுமில்லாமல் மணலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, சக்கரமும் இரும்புச் சட்டமும்தான் மிச்சம். அதிலிருந்து எனக்கு எல்லாவற்றிலும் புகை நாறியது. பக்கத்தில் யாராவது ரொட்டி வாட்டினாலும் எழுந்து போய்ப் பார்ப்பேன். ஆகவே வெண்டல் என்னை நம்பாததில் ஆச்சரியமில்லை.

நான் ஹாலிஸிடம் போனேன். ஹாலிஸ் ட்ராஸ்க் மின்னசோட்டாக்காரர், எழுபது தாண்டியவர். வேலையில் இருந்த காலத்தில் வீட்டு அடுப்பும் கொதிகலனும் பழுது பார்த்தவர். வருஷா வருஷம் பனிக்குத் தப்பி, எங்களைப் போலவே குவார்ட்ஸைட் பாலைவனத்தில் வந்து வண்டியை நிறுத்துவார். டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தார். வண்டியின் வெளிப்பக்கத்தில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் காற்றுத் தகட்டைக் கழற்றி உள்ளே வெளிச்சம் அடித்தார். அடிக் குழாயின் மடிப்பில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது, மஞ்சளை யாரோ சிட்டிகை சிட்டிகையாகத் தூவினாற்போல்.

"அணைச்சிடு வெண்டல். இப்பவே அணை," என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

வீட்டுவண்டி ஃபிரிட்ஜில் மோட்டார் கிடையாது. பின்னால் சின்னதாக ஒரு கேஸ் சுடர் எரியும். அந்தச் சூட்டில், நாலு பக்கமும் மூடிய குழாய்களுக்குள் அம்மோனியா சுற்றிச் சுற்றி வந்து பெட்டியைக் குளிர வைக்கும். அந்தக் குழாய்க் கூட்டம் மொத்தத்துக்கும் கூலிங் யூனிட் என்று பெயர். அதில் விரிசல் விட்டால் அம்மோனியாவும், கூடவே தீப்பிடிக்கிற ஹைட்ரஜனும் கசியும், கசிந்த இடத்தில் அந்த மஞ்சள் பொடி படியும். கசிவது சுடர் எரிகிற இடத்திலேயே. இதைப் பற்ற வைத்துவிட்டுத்தான் நாங்கள் எத்தனை ராத்திரி அதற்கு இரண்டடி தள்ளித் தூங்கினோம் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை.

புது ஃபிரிட்ஜ் வாங்கலாம் என்றால் இப்போது வருகிற பெரிய அளவு எங்கள் கதவுக்குள் நுழையாது. பழைய பெட்டியை வைத்துக்கொண்டு பின்பக்கத்து யூனிட்டை மட்டும் மாற்ற வேண்டும். ஹாலிஸ் இந்தியானாவில், பழைய முறையிலேயே வாழும் ஆமிஷ் மதப் பிரிவினரின் பட்டறை ஒன்றுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். மின்சாரம் வைத்துக்கொள்ளாத அவர்கள் தங்கள் வீடுகளிலும் இதே மாதிரி ஃபிரிட்ஜ்தான் வைத்திருக்கிறார்கள், ஆகவே இதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். லாரியில் வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த ஒரு வாரமும் நான் வண்டிக்குள் தூங்கவில்லை. சுடர் அணைந்துவிட்டது, கேஸ் மூடியாயிற்று, இனி ஒன்றும் ஆகாது என்று வெண்டல் எத்தனை தடவை சொல்லியும் கண்ணை மூடினால் அந்தக் கருகிய சட்டம்தான் தெரிந்தது. வீட்டுவண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்து வரும் எங்கள் சின்னக் காரில், சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டேன். பாலைவனத்தில் ஜனவரி இரவு எலும்பு வரை குளிரும். காலையில் எழுந்து வரும்போது என் முகத்தைப் பார்க்க வெண்டலுக்குப் பிடிக்கவில்லை. அயோவாவில் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன், ஒரு குழந்தைக்கும் கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவன். கட்டின பெண்சாதி தன் வீட்டில் படுக்கப் பயந்து காரில் கிடக்கிறாள் என்பது அவனை அரித்தது. கேலி செய்வதை நிறுத்திவிட்டான்.

புதன்கிழமை மரக்கூட்டில் யூனிட் வந்து இறங்கியது. ஹாலிஸுக்கு மறுநாள் எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவில் பல் வைத்தியர். வெள்ளிக்கிழமை காலை மூவருமாகச் செய்யலாம் என்றார். பழைய யூனிட்டில் இன்னும் அழுத்தம் இருக்கிறது, அதனால் பெட்டியை வெளியே கொண்டுவந்துதான் அதில் கை வைக்க வேண்டும், தான் இல்லாமல் தொடக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வெண்டல் திருப்புளியை எடுத்தான்.

நாளைக்குச் செய்யலாமே என்றேன். "அந்தச் சனியனை இன்னிக்கு வெளிய தள்ளிட்டா, இன்னிக்கு நீ உள்ள படுப்பே," என்றான். "இன்னொரு ராத்திரி உன்னை அந்தக் கார்ல பாக்க என்னால முடியாது." என் பயத்துக்காகத்தான் அவன் ஆரம்பித்தான். நான் தடுக்கவும் இல்லை.

கேஸ் குழாயைக் கழற்றி முனையை அடைத்தான். ஒயர்களைப் பிடுங்கினான். முன்பக்கமும் பின்பக்கமும் இருந்த திருகாணிகளை எடுத்தான். தரையில் ஒட்டுப்பலகை போட்டு, ஃபிரிட்ஜைக் கூட்டுக்குள்ளிருந்து அங்குலம் அங்குலமாக இழுத்தோம். பாதி வெளியே வந்ததும் அது ஒரு பக்கமாகத் திரும்பி, சமையல் மேடைக்கும் எதிரே இருந்த சோபாவுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. நடைவழி மொத்தமும் அடைபட்டது. நான் முன்பக்கம், கதவருகே நின்றேன். வெண்டல் அந்தப் பக்கம், குளியலறையும் படுக்கையும் இருக்கிற பின்பக்கம். எங்கள் வண்டிக்குக் கதவு ஒன்றுதான்.

இதை அந்த நிமிடம் நான் யோசிக்கவே இல்லை. அவனும் யோசிக்கவில்லை. கடப்பாரையை எடுத்து ஃபிரிட்ஜின் முதுகுப் பக்கம் கொடுத்து நெம்பினான்.

உஸ் என்று ஒரு சத்தம். டயரில் காற்று இறங்குகிற மாதிரி.

"இரு, கொஞ்சம் காத்துதான்," என்றான் அவன்.

எனக்கு அதற்குள் மூக்கு எரிந்தது, அடுத்த மூச்சில் தொண்டை. அம்மோனியா, நிறுத்து, பின்னால் போ என்று கத்தினேன். அவன் இன்னும் நெம்பிக்கொண்டிருந்தான். வியர்வை கண்ணில் இறங்குகிறது என்று நினைத்தானாம். அவனுக்கு வாசனையே வரவில்லை. எரிச்சல் வருகிற நேரத்தில் அறை நிறைந்துவிட்டிருந்தது. ஃபிரிட்ஜுக்கு மேலே இருந்த இடுக்கு வழியாக அவன் முகத்தைப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வாயைத் திறந்து, மூச்சு இழுக்க முடியாமல் நின்றான். கையை நீட்டினேன். இடுக்கில் என் தோள் நுழையவில்லை. என் கண்ணும் மூடிக்கொண்டது, மார்பு பூட்டிக்கொண்டது.

நான் வெளியே ஓடினேன்.

அவனை உள்ளே விட்டுவிட்டு ஓடினேன். படியில் கால் தடுக்கிச் சரளையில் விழுந்தேன். நல்ல காற்று உள்ளே போனதும்தான் என்ன செய்துவிட்டேன் என்று தெரிந்தது. திரும்பக் கதவு வரை போனேன். நெடி முகத்தில் அறைந்தாற்போல் அடித்தது, உள்ளே ஒரு காலடிகூட வைக்க முடியவில்லை. போனை எடுத்து அவசர எண்ணைக் கூப்பிட்டேன். எந்த இடம் என்று கேட்டாள் அந்தப் பெண். பாலைவனத்தில் என்ன விலாசம் சொல்வது. நீலத் தண்ணீர்த் தொட்டிக்கு மேற்கே என்றேன். பெரிய அமெரிக்கக் கொடி கட்டின வண்டிக்குப் பக்கம் என்றேன். சுற்றிலும் எத்தனை கொடி பறந்தது என்று பிறகுதான் பார்த்தேன்.

அப்போது வண்டியின் பின்புறம் தட்டுகிற சத்தம் கேட்டது. வெண்டல் தவழ்ந்து படுக்கையறைக்குப் போய், நடுவில் இருந்த சறுக்குக் கதவை இழுத்து மூடியிருந்தான். கண் தெரியவில்லை. ஜன்னலைக் கையால் தேடிக்கொண்டிருந்தான். அது அவசர ஜன்னல், சிவப்புக் கைப்பிடி போட்டது. இழுத்தால் கண்ணாடி முழுக்க வெளியே திறக்க வேண்டும். ஒன்பது வருடத்தில் நாங்கள் அதை ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. திரையும் போட்டு, அதற்கு மேல் பேரப்பிள்ளைகளின் போட்டோவையும் மாட்டியிருந்தேன்.

"வெண்டல், போட்டோவைத் தள்ளு. கீழ, உன் இடது கைப்பக்கம். கைப்பிடி இருக்கும்."

"கிடைச்சுது."

"இழு."

இழுத்தான். கைப்பிடி திரும்புகிற சத்தம் எனக்குக் கேட்டது. கண்ணாடி அசையவில்லை. அத்தனை வருட வெயிலில் ரப்பர் உருகி ஓரத்தோடு ஒட்டிப்போயிருந்தது. ஜன்னல் என் தலைக்கு மேலே இருந்தது. ஓடிப்போய் மடக்கு ஏணியைக் கொண்டுவந்தேன். கார் டிக்கியிலிருந்து டயர் கழற்றும் கம்பியை எடுத்தேன். ஏணி சரளையில் நிற்க மாட்டேன் என்றது. ஏறி, கம்பி முனையை ரப்பரில் குத்தி நெம்பினேன். கை நழுவிப் பெருவிரல் கிழிந்தது. உள்ளே இருமல் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது, பிறகு நின்றது. நின்றதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று.

"உதைடா," என்றேன். "மல்லாந்து படுத்து ரெண்டு காலாலயும் உதை. நான் இழுக்கறேன்."

ஒன்று. இரண்டு. மூன்றாவது உதையில் ஜன்னல் அடியோடு பெயர்ந்து மேலே எழும்பியது, நான் ஏணியோடு சாய்ந்தேன். அவன் கால் முதலில் வந்தது, பிறகு மொத்தமும் என் மேலேயே விழுந்தது. அவன் இடது மணிக்கட்டு அங்கேதான் முறிந்தது. கண்ணைத் திறக்க விடாமல் துடித்தான். தண்ணீர்க் குழாயை இழுத்துவந்து, அவன் தலையை என் மடியில் வைத்து, இமையை விரலால் பிரித்துப் பிடித்து ஊற்றினேன். தீயணைப்பு வண்டி வரும் வரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். தொட்டியில் ஒரு வாரத்துக்கு வைத்திருந்த தண்ணீர்.

தீயணைப்புக்காரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கூரைத் திறப்புகளையெல்லாம் திறந்துவிட்டார்கள். பக்கத்து ஊரான பார்க்கரில் இருந்த ஆஸ்பத்திரியில் அவனை ஒரு ராத்திரி வைத்துக்கொண்டார்கள். கண்ணுக்குச் சேதமில்லை, தொண்டை புண்ணாகியிருக்கிறது, இரண்டு வாரத்தில் ஆறிவிடும் என்றார் டாக்டர். நான் நாற்காலியில் உட்கார்ந்து அவன் மார்பு ஏறி இறங்குவதையே விடியும் வரை பார்த்தேன். ஒரு தடவைகூட நான் ஓடினதைப் பற்றி அவன் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை நாங்கள் திரும்பி வந்ததும், சாயங்காலம் ஹாலிஸ் எங்களைப் பார்க்க வந்தார், வாய் ஒரு பக்கம் வீங்கி. எங்களைத் திட்டத் தொடங்கினார். பாதி வார்த்தை வாயில் நிற்கவில்லை, எச்சில்தான் வந்தது. வெண்டலுக்குச் சிரிப்பு வந்து, தொண்டை வலித்து, கண்ணீர் விட்டான். ஹாலிஸ் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"முதல்ல ஃபிரிட்ஜ் கதவைக் கழட்டியிருக்கணும்," என்றார் பிறகு, மெதுவாக. "ரெண்டு அங்குலம் கிடைச்சிருக்கும். நான் சொல்லிட்டுப் போயிருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் அந்த வேலையைச் செய்தோம். வெண்டல் கட்டுப் போட்ட கையோடு நாற்காலியில் உட்கார்ந்து யோசனை சொன்னான். கதவுகளைக் கழற்றியதும் பெட்டி இலகுவாகத் திரும்பியது. பக்கத்து வண்டிக்காரர்கள் இருவர் வந்து பிடித்தார்கள். வெளியே கம்பளத்தின் மேல் குப்புறப் படுக்க வைத்தோம். பழைய யூனிட் காலியாகிவிட்டது என்று ஹாலிஸ் சத்தியம் செய்தும் நான் காற்று வருகிற திசையிலேயே நின்றேன். திருகாணிகளை எடுத்து, நுரை அடைப்பை அறுத்து, இருவருமாகத் தூக்கினோம். கிழிபடும் சத்தத்தோடு வந்தது. ஒட்டியிருந்ததையெல்லாம் சுரண்டி, புது யூனிட்டின் தகட்டில் வெள்ளைப் பசையைக் கத்தியால் கனமாகத் தடவி, இடுக்கில்லாமல் உட்கார வைத்து முடுக்கினோம். ஓரங்களில் நுரை அடித்தோம். சாயங்காலம் பெட்டி தன் கூட்டுக்குள் போய் உட்கார்ந்தது. கேஸ் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று நான் மூன்று தடவை பார்த்தேன். வரவில்லை.

பற்ற வைக்கிற நேரம் வந்ததும் என்னால் உள்ளே நிற்க முடியவில்லை. ஹாலிஸ்தான் வைத்தார். சுடர் நீலமாக எரிவதை வெளிப்பக்கத் தகட்டு வழியாகப் பார்த்தேன். அதற்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெண்டல் வந்து கேட்டான். "ஏதாவது வருதா?" கேலி இல்லை. இல்லை என்று நான் சொன்ன பிறகுதான் நகர்ந்தான். மறுநாள் மதியம் உள்ளே வைத்திருந்த கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஜில்லென்று இருந்தது. உறைபெட்டியில் ஐஸ் பிடித்திருந்தது.

அன்றைக்குத்தான் அவனிடம் கேட்டேன். நான் ஓடினது அவனுக்குத் தெரியுமா என்று.

"படியில நீ இறங்கின சத்தம் கேட்டுது," என்றான். "அதுக்கப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமே கேக்கலை, நோரீன். எனக்குப் பயம் வந்தது அப்பதான்."

போன் பேசிக்கொண்டிருந்தேன் என்றேன். கதவு வரை திரும்பி வந்தேன் என்றேன். அவன் தலையாட்டினான். நம்பினான் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று எங்கள் இருவரில் அவனுக்குத்தான் தெரியும்.

மார்ச் வரை அங்கேயே இருந்தோம். ஃபிரிட்ஜ் ஒரு தொந்தரவும் தரவில்லை. நான் உள்ளே படுக்க ஆரம்பித்தது பிப்ரவரி நடுவில், அதுவும் ஜன்னல் பக்கத்தில். ஜன்னலுக்குப் புது ரப்பர் போட்டிருக்கிறது. வண்டியை எந்த ஊரில் நிறுத்தினாலும், மற்ற வேலைக்கு முன்னால் வெண்டல் உள்ளேயிருந்து சிவப்புக் கைப்பிடியை இழுப்பான், நான் வெளியே நின்று கண்ணாடியைத் தூக்குவேன். லேசாக வந்துவிடுகிறது. ஆனாலும் அவன் முகம் உள்ளே தெரிகிற வரை நான் ஏணியை விட்டு இறங்குவதில்லை.