பச்சை நாக்கு

அக்கா வீட்டு முன்னறையில் கால் வைத்ததுமே இவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். புளித்துப்போன இலைச்சாற்றின் வாடை. மேசை விளக்கைச் சுற்றிச் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. அதன் முன்னால் நாக்கை நீட்டியபடி தெருமுனைத் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். நாக்கு பச்சையாக இருந்தது. சுவரில் வெள்ளைக் கோட் போட்ட இவளுடைய போட்டோ சிரித்தது.

இவள் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். இலைப் பச்சையிலிருந்து பிரித்த சாயத்தைப் புற்றுநோய்ச் செல்கள் உறிஞ்சிக்கொள்ளும். நீல ஒளியில் மின்னிக் காட்டிக்கொடுக்கும். சிவப்பு ஒளி பட்டால் மடியும். எல்லாம் கண்ணாடித் தட்டோடு சரி. நான்கு மாதம் முன்பு, சாப்பிடும்போது அக்கா புருஷன் "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்கக் கேட்க, தன் வேலையையும் மதிக்க ஒருவர் இருக்கிறாரே என்ற பூரிப்பில் இவள்தான் அத்தனையையும் கொட்டியிருந்தாள்.

"மாமா, என்ன இது?"

"நீ சொன்னதுதானேம்மா. இலை, வெளிச்சம். நாலு பேருக்கு நல்லதுதானே?" எச்சில் டம்ளரை அழுக்குத் துணியால் துடைத்து அடுத்தவருக்கு எடுத்து வைத்தார்.

"எலிக்கே இன்னும் குடுத்துப் பாக்கல மாமா!"

தையல்காரி நாக்கை உள்ளிழுத்துக்கொண்டாள். "டாக்டர் ஓரத்துல கொஞ்சம் வெட்டணும்னாரு. இவரு உங்க போட்டோவைக் காட்டி, வெட்டாமலே கரைஞ்சிடும்னாரு. மூணு மாசமா வர்றேன்."

இவள் அவளை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். நாக்கின் ஓரத்தில் விளிம்பு தடித்த புண். நாற்றம் முகத்தில் அடித்தது. அதைத் தாங்க முடிந்தது. மாமாவின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

"வெளிய சொல்லிடாதடி, மானம் போயிடும்," என்று அக்கா கையைப் பிடித்தாள். அவள் விரலிடுக்கிலும் பச்சைக் கறை. அந்த விரல்கள்தான் ஒரு காலத்தில் தனக்குத் தலை பின்னிவிட்டன என்று நினைக்கவே உடம்பு கூசியது. உதறிவிட்டு, போட்டோவைக் கிழித்தாள். தையல்காரியை நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

"அப்பவே வந்திருந்தா ஓரத்தோட போயிருக்கும்," என்றார் டாக்டர். "இப்ப பாதி நாக்குக்கு மேல எடுக்கணும். பேச்சு பழையபடி வராது."

வராந்தாவில் இவள் தையல்காரியிடம் மென்று விழுங்கிச் சொன்னாள்: "அந்தாளுக்கு இதெல்லாம் சொன்னதே நான்தான்க்கா."

தையல்காரி இவளை நோக்கிக் கையை நீட்டினாள். "போனைக் குடுங்க," என்றாள்.

வெளியூரில் இருக்கும் மகளை அழைத்தாள். நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாப்பிட்டியா என்றாள், குழந்தைக்குப் பல் முளைச்சுதா என்றாள், நீ பிறந்த அன்னிக்கு என்ன மழை தெரியுமா என்றாள். அட்மிஷனுக்கு நர்ஸ் இரண்டாம் முறை கூப்பிட்டாள். தையல்காரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, பேசிக்கொண்டே இருந்தாள்.